ரேடியேஷன் முடிந்து இருபது வருடம் கழித்து இதயத்தில் என்ன நடக்கிறது?

மருத்துவத்தில் சில கேள்விகளை நோயாளி பிழைத்த பிறகுதான் கேட்கவே முடியும். புற்றுநோய் வந்தவர் இரண்டு வருடத்தில் இறந்துவிடுகிறார் என்றால், அவருக்குக் கொடுத்த கதிர்வீச்சு இருபது வருடம் கழித்து இதயத்தை என்ன செய்யும் என்று யார் கவலைப்படப் போகிறார்கள்? சிகிச்சை பலித்து, நோயாளிகள் பத்து, இருபது, முப்பது வருடம் வாழ ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்விக்கே இடம் வந்தது.

இந்தக் குறிப்பை எழுத ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயம்.

நம்மூரில் ரேடியேஷனை "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். அதில் மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது பாயும் அதே வகைக் கதிர்தான், பல மடங்கு அதிக ஆற்றலோடு, ஒரே இடத்தைக் குறிவைத்துப் பாய்ச்சப்படுகிறது. அது செல்களின் டிஎன்ஏவை உடைக்கிறது. வேகமாகப் பிரியும் புற்றுச் செல்கள் அந்த உடைசலோடு பிரிய முயன்று சாகின்றன. உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவை 'கிரே' என்ற அலகில் சொல்வார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த அலகு வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயம் தாங்கும் என்று நம்பிய காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இதயத்தைக் கதிருக்கு அசையாத உறுப்பாகவே கருதினார்கள். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கதிர் முக்கியமாகப் பிரியும் செல்களைக் கொல்கிறது. வளர்ந்த மனிதரின் இதயத் தசைச் செல்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை. அப்படியென்றால் பயமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய் இது. இளவயதினரை அதிகம் தாக்கும். கழுத்தில் ஒரு கட்டி, மார்புக்கு நடுவில் ஒரு கட்டி என்று பரவும். 1950க்கு முன்பு பெரும்பாலும் மரணம்தான். கனடாவில் வேரா பீட்டர்ஸ் என்ற மருத்துவர், கதிர் கொடுத்தால் இவர்களில் பலரைக் குணமாக்க முடியும் என்று 1950இல் எழுதினார். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லான் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, இதை முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்.

கழுத்து, அக்குள், மார்பு நடுப்பகுதி எல்லாவற்றையும் ஒரே அங்கி போர்த்தியதுபோல மூடி, சுமார் 40 கிரே வரை கொடுப்பார்கள். அந்த அங்கிக்குள் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இதயத்தின் பெரும் பகுதி அதற்குள்தான் இருந்தது.

நோயாளிகள் பிழைத்தார்கள். 1967லேயே ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள், கதிருக்குப் பிறகு வரும் இதய நோய்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முழுக் கணக்கு வர இன்னும் நாளானது. 1993இல் ஹான்காக் குழுவினர் அதே ஸ்டான்ஃபோர்டில் 1960 முதல் 1991 வரை சிகிச்சை பெற்ற 2,232 ஹாட்ஜ்கின் நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதினார்கள். 88 பேர் இதய நோயால் இறந்திருந்தார்கள். அதே வயதுள்ள பொது மக்களில் எதிர்பார்க்கக்கூடியதைப்போல இது சுமார் மூன்று மடங்கு. இருபது வயதுக்குள் கதிர் வாங்கியவர்களுக்குத்தான் இந்த மடங்கு மிக அதிகம்.

அந்தக் கட்டுரையில் என்னை யோசிக்கவைத்த இன்னொரு விவரம் உண்டு. இடையில் இதயத்தை மறைக்கத் தடுப்புக் கட்டைகள் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்குப் பிறகு இதய உறை, தசை சம்பந்தப்பட்ட மரணங்கள் நன்றாகக் குறைந்தன. மாரடைப்பு மட்டும் குறையவில்லை. ஏன்? இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய்கள் கிளம்பும் இடம், இதயத்தின் மேல்பக்கம், மகாதமனியின் அடியில். மார்பு நடுப்பகுதிக் கட்டியைக் குறிவைக்கும்போது அந்த இடத்தை முழுசாக மறைக்க முடியாது.

நெதர்லாந்திலிருந்து 2015இல் வந்த ஆய்வு இன்னும் நீண்ட காலத்தைப் பார்த்தது. 1965 முதல் 1995 வரை சிகிச்சை பெற்று, ஐந்து வருடம் தாண்டிப் பிழைத்த 2,524 பேர். நாற்பது வருடம் கழித்து இவர்களில் ஏதாவது ஒரு இதய நோய் வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். பாதிக்குப் பாதி. இருபத்தைந்து வயதில் குணமான ஒருவருக்கு அறுபத்தைந்து வயதுக்குள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடப்பக்கம், வலப்பக்கம்

ஹாட்ஜ்கின் அரிதான நோய். மார்பகப் புற்றுநோய் அப்படி இல்லை. உலகம் முழுக்க ரேடியேஷன் வாங்குகிறவர்களில் பெரிய கூட்டம் இந்தப் பெண்கள்தான்.

பழைய மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 1987இல் ஜாக் கியூசிக் குழுவினர் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். முதல் பத்து வருடம் வரை, கதிர் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் மரணத்தில் பெரிய வித்தியாசமில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு கதிர் வாங்கியவர்கள் அதிகம் இறந்திருந்தார்கள். கூடுதல் மரணங்களுக்கு இதயம் முக்கியக் காரணம் என்று பின்னால் தெளிவானது.

இதற்கு அளவுகோல் வைத்தது 2013இல் சாரா டார்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகத்துக்குக் கதிர் வாங்கிய 2,168 பெண்கள். அதில் 963 பேருக்கு மாரடைப்பு போன்ற பெரிய கொரோனரி பாதிப்பு வந்திருந்தது, 1,205 பேருக்கு வரவில்லை. பழைய சிகிச்சைக் குறிப்புகளைத் தோண்டியெடுத்து, ஒவ்வொருவர் இதயமும் சராசரியாக எத்தனை கிரே வாங்கியது என்று கணக்கிட்டார்கள். இடப்பக்க மார்பகம் என்றால் சராசரி 6.6 கிரே, வலப்பக்கம் என்றால் 2.9. இதயம் சற்று இடப்பக்கம் சாய்ந்திருப்பதன் விலை இது.

முடிவு: இதயம் வாங்கும் ஒவ்வொரு கிரேக்கும் ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது. "இதற்குக் கீழே பயமே இல்லை" என்று சொல்லும்படியான ஒரு எல்லை தென்படவில்லை. ஆபத்து ஐந்து வருடத்துக்குள்ளேயே தலைகாட்டி, இருபது வருடம் தாண்டியும் தொடர்கிறது.

இதை ஒட்டி, சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்த 86,611 பேரை 1950 முதல் 2003 வரை பின்தொடர்ந்தபோது, ஒரு கிரேக்கு இதய நோய் மரணம் சுமார் 14 சதவீதம் கூடியிருந்தது. அது உடம்பு முழுக்க ஒரே நொடியில் வாங்கிய கதிர், இது மார்பில் வாரக்கணக்கில் பிரித்து வாங்கிய கதிர். நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனால் கைகாட்டும் திசை ஒன்று.

உள்ளே என்னதான் நடக்கிறது?

தசைச் செல் பிரியாது, சரி. ஆனால் இதயம் தசை மட்டுமா? தசை இழைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய ரத்த நாளங்கள் வலைபோல ஓடுகின்றன. அந்த நாளங்களின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் படிந்திருக்கும். பலவீனமான இடம் அதுதான்.

ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் ஃபஹார்டோவும் ராபர்ட் ஸ்டீவர்ட்டும் முயல்களின் இதயத்தில் கதிர் பாய்ச்சிப் பார்த்தபோது இதுதான் தெரிந்தது. முதலில் அடிவாங்குவது நுண்நாளங்களின் உட்சுவர். அது வீங்கி, அடைபட்டு, நாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ரத்தம் போதாமல் தசை சாகிற இடத்தில் நார்த்திசு வந்து உட்காருகிறது. நார்த்திசு சுருங்காது, விரியாது. வயலுக்குப் போகும் வாய்க்கால்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்துபோனால் பயிர் ஒரே நாளில் கருகாது. நல்ல மழைக் காலத்தில் தெரியவும் தெரியாது. இழுத்துப் பிடிக்க வேண்டிய நாள் வரும்போதுதான் தெரியும். இந்த நோய் வெளியே வர இத்தனை வருடம் ஆவதன் காரணம் இதுதான்.

பெரிய குழாய்களில் வேறு கதை. அங்கே உட்சுவர் காயம்பட்ட இடத்தில் அழற்சி, அதன் மேல் கொழுப்பு. சாதாரணமாக வயதானால் வரும் அதே அடைப்புதான், ஆனால் சீக்கிரமாக, கதிர் பட்ட இடத்தில். இதனால்தான் பிபி, சுகர், கொலஸ்ட்ரால், சிகரெட் இருப்பவர்களுக்குக் கதிரின் பாதிப்பும் கூட்டிக் கொடுக்கிறது.

ஆக, கதிரால் வரும் இதய நோய் என்பது ஒரு நோய் இல்லை. எந்தப் பகுதி மாட்டியதோ அதைப் பொறுத்து மாறும்:

- இதய உறை: சிகிச்சையின்போதோ சில மாதங்களிலோ அழற்சி, நீர் கோர்த்தல். பல வருடம் கழித்து உறை தடித்து இதயத்தை இறுக்கவும் செய்யலாம்.
- கொரோனரி குழாய்: அடைப்பு. ஹாட்ஜ்கினில் பெரும்பாலும் குழாய் கிளம்பும் இடத்தில். இடப்பக்க மார்பகத்தில், மார்புச் சுவரை ஒட்டி முன்பக்கம் இறங்கும் குழாயில்.
- வால்வு: முக்கியமாக இடப்பக்கத்து இரண்டு வால்வுகளும் தடித்து, சுண்ணாம்பு படிந்து, முதலில் கசிந்து, பிறகு சுருங்கும். இது ரொம்ப மெதுவானது. பத்து, இருபது வருடம் எடுக்கும்.
- தசை: விறைத்துப்போய், ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாத நிலை. மூச்சிரைப்பு, கால் வீக்கம்.
- மின்பாதை: இதயத் துடிப்பின் சமிக்ஞை தடைப்படுதல். சிலருக்குப் பேஸ்மேக்கர்வரை போகும்.

இன்னொரு கெட்ட செய்தி. இதயத்தின் நரம்புகளும் பாதிக்கப்படுவதால், சிலருக்கு அடைப்பு இருந்தாலும் நெஞ்சு வலியே வராது. வலி என்ற எச்சரிக்கை மணி அறுந்துபோன நிலை. அறுவை சிகிச்சைக்குப் போனாலும் சிரமம்தான். பைபாஸுக்கு மார்புக்குள்ளிருந்து எடுக்கும் ரத்தக்குழாயே கதிர் வாங்கியிருக்கலாம். மார்புக்கூட்டின் உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருக்கும், காயமும் சீக்கிரம் ஆறாது. அதனால் வால்வு விஷயத்தில், மார்பைத் திறக்காமல் தொடை வழியே குழாய் விட்டு வால்வு பொருத்தும் முறையைப் பலருக்குப் பரிசீலிக்கிறார்கள்.

கழுத்தையும் மறக்க வேண்டாம்

இதய ஆய்வுகளில் மேற்கு நாடுகளின் மார்பகமும் ஹாட்ஜ்கினும்தான் நிறைந்திருக்கும். நம் நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப்புற்று. புகையிலையின் கைங்கரியம். வாய், தொண்டைப் புற்றுக்குக் கழுத்தில் கொடுக்கும் கதிர், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாய்கள் வழியாகவே போகிறது. நெதர்லாந்தில் அறுபது வயதுக்குக் கீழே கழுத்துக்குக் கதிர் வாங்கிய 367 பேரைப் பார்த்த 2002ஆம் வருட ஆய்வில், பக்கவாதம் வரும் ஆபத்து எதிர்பார்த்ததைவிட 5.6 மடங்கு. அங்கேயும் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. புகையிலையை விடாமல் தொடர்ந்தவர்களுக்கு இரண்டு அடி சேர்ந்து விழும்.

அப்போ ரேடியேஷனே வேண்டாமா?

இவ்வளவு படித்ததும் இந்தக் கேள்வி வரும். வர வேண்டும். ஆனால் மேலே சொன்னதை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் அது ஆபத்து.

டார்பி ஆய்வின் 7.4 சதவீதம் என்பது ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் ஏறும் வட்டி. அசல் சின்னதாக இருந்தால் வட்டியும் சின்னதுதான். அவர்களே ஒரு கணக்குக் கொடுக்கிறார்கள். இதய நோய்க்கான வேறு காரணம் எதுவும் இல்லாத ஐம்பது வயதுப் பெண், இதயத்துக்கு 3 கிரே வாங்குகிறார். எண்பது வயதுக்குள் அவருக்குப் பெரிய கொரோனரி பாதிப்பு வரும் வாய்ப்பு 4.5 சதவீதத்திலிருந்து 5.4 ஆகிறது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவான கூடுதல்.

தராசின் மறுதட்டைப் பாருங்கள். மார்பகத்தை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் ஆய்வுத் தொகுப்பு 2011இல் வந்தது. பத்து வருடத்துக்குள் புற்றுநோய் திரும்புவது, கதிர் இல்லாதபோது 35 சதவீதம், கதிர் கொடுத்தபோது 19.3. பதினைந்து வருடத்துக்குள் மார்பகப் புற்றால் மரணம், 25.2இலிருந்து 21.4. நூறு பேரில் கிட்டத்தட்ட நான்கு உயிர். பெரும்பாலானவர்களுக்குத் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் தராசு தடுமாறுகிறது: சிகரெட்டை விடாதவர்கள். 2017இல் வந்த கணக்கீட்டின்படி, மார்பகக் கதிரால் நுரையீரல் புற்று, இதய மரணம் இரண்டும் வருவது, புகைக்காதவர்களுக்குத் தலா 0.3 சதவீதம். தொடர்ந்து புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்று சுமார் 4, இதய மரணம் சுமார் 1. சிகிச்சை தரும் நன்மையையே இது தின்றுவிடலாம். கதிர் ஆரம்பிக்கும் முன் சிகரெட்டை விடுவதும் சிகிச்சையின் ஒரு பாகம்தான்.

இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

நிறைய. முன்பு எக்ஸ்ரே படத்தில் கோடு போட்டுக் கொடுத்ததை, இப்போது சிடி ஸ்கேனில் இதயத்தைத் தனியாக வரைந்து, அதற்கு எத்தனை கிரே போகிறது என்று முதலிலேயே கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். இடப்பக்க மார்பகம் என்றால், மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டு விலகும். அந்தச் சில விநாடிகளில் கதிர் கொடுத்து நிறுத்துவார்கள். செலவில்லாத, அழகான தந்திரம்.

ஹாட்ஜ்கினில் அந்தப் பழைய அங்கி போய்விட்டது. மருந்தோடு சேர்த்து, நோய் இருந்த முடிச்சுகளுக்கு மட்டும் 20 முதல் 30 கிரே. சாதகமான ஆரம்ப நிலைக்கு, இரண்டு சுற்று மருந்துக்குப் பிறகு 20 கிரே போதும் என்று 2010இல் ஜெர்மன் ஆய்வு காட்டியது. குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும் புரோட்டான் கதிர் இன்னொரு வழி. 2019 முதல் சென்னையிலும் இருக்கிறது, ஆனால் செலவு எல்லோருக்கும் எட்டாது.

இந்த நல்ல செய்திகள் இப்போது சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு. பழைய முறையில் கதிர் வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இதயத்தில் விழுந்தது விழுந்ததுதான்.

முடிந்துபோன கதையா?

ஆரம்பத்தில் சொன்ன சொந்தக் காரணத்துக்கு வருகிறேன். எங்கள் சித்திக்கு 2001இல் இடப்பக்க மார்பகத்தில் கரண்ட் வைத்தார்கள். குணமானது. இருபது வருடம் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பார்த்த டாக்டர், வயசாச்சு, வெயிட்டைக் குறைங்க என்று அனுப்பினார். பழைய நோய் பற்றி அவரும் கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. ஏன் சித்தி என்றால், "அது எப்பவோ முடிஞ்ச கதையாச்சேடா, அதைப் போய் இப்ப எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்றார்.

கடைசியில் வேறொரு இடத்தில் ஈசிஜி எடுத்த பெண், சித்தியின் மார்பில் பச்சை குத்தியதுபோல இருந்த சின்னப் புள்ளிகளைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு ரேடியேஷன் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வைக்கும் அடையாளப் புள்ளிகள் அவை. எக்கோ எடுத்ததில் மகாதமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து, நடுத்தரமாகச் சுருங்கியிருந்தது. எத்தனை கிரே வாங்கினார் என்று தெரிந்துகொள்ள, சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு நான் போனேன். அவ்வளவு பழைய ஃபைல் எல்லாம் இல்லை சார் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சித்தியின் வால்வுக்குக் கதிர்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கதிரே படாத எழுபது வயதுக்காரர்களுக்கும் இது வருகிறது. புள்ளிவிவரம் கூட்டத்தைப் பற்றிப் பேசும், தனி ஆளைப் பற்றிப் பேசாது. ஆனால் கதிர் வாங்கியவர் என்று தெரிந்திருந்தால், எக்கோ முன்பே எடுக்கப்பட்டிருக்கும். அதில் சந்தேகமில்லை.

என்ன செய்யலாம்?

2022இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், இதயம் வாங்கிய சராசரி அளவை வைத்துப் பிரிக்கிறது. 5 கிரேக்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 5 முதல் 15 நடுத்தரம், 15 முதல் 25 அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். சிவப்பு நிறத்தில் ட்ரிப்ஸில் ஏற்றும் டாக்ஸோரூபிசின் வகை மருந்தும் சேர்ந்திருந்தால், ஆபத்து இன்னும் ஒரு படி ஏறும். இதையெல்லாம் வைத்து, வீட்டில் கதிர் வாங்கியவர் இருந்தால் செய்ய வேண்டியவை:

1. சிகிச்சைச் சுருக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம், எந்த இடம், எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே, என்ன மருந்து. இன்று சிகிச்சை முடிபவர்கள் இதய டோஸையும் கேட்டு வாங்குங்கள். போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள்.
2. எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், "இந்த வருஷம் நெஞ்சுல ரேடியேஷன் எடுத்திருக்கேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.
3. வருடம் ஒருமுறை பிபி, சுகர், கொலஸ்ட்ரால், ஈசிஜி. மாற்ற முடிந்த ஆபத்துகள் இவைதான். கதிரைத் திருப்பி எடுக்க முடியாது, பிபியைக் குறைக்கலாம்.
4. அதிக ஆபத்துப் பிரிவில் இருப்பவர்களுக்கு, தொந்தரவே இல்லாவிட்டாலும், 1, 3, 5 வருடங்களில் எக்கோ, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இதயம் 15 கிரேக்கு மேல் வாங்கியிருந்தால், ஐந்தாம் வருடத்திலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை கொரோனரி அடைப்புக்கான பரிசோதனை. கழுத்தில் வாங்கியவர்களுக்கு அதே இடைவெளியில் கரோட்டிட் ஸ்கேன். யாருக்கு எது என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார், ஆனால் பேச்சை நீங்கள் ஆரம்பியுங்கள்.
5. மூச்சிரைப்பு, கால் வீக்கம், படபடப்பு, மயக்கம் எதுவாக இருந்தாலும் வயசுக் கோளாறு, கேஸ் என்று தள்ளிப்போடாதீர்கள். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சித்தி இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோவுக்குப் போகிறார். ஃபைல் கிடைக்கவில்லை என்பதால், ஞாபகத்தில் இருந்த வருடம், பக்கம், எத்தனை நாள் போய்வந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து பர்ஸில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புது டாக்டர் யாரைப் பார்த்தாலும், உட்காரும் முன்பே அதை எடுத்து மேஜையில் வைத்துவிடுகிறார்.